இரண்டு முறை ஆளானவள்

பத்தாம் வகுப்பு விடுமுறையில் மோகனப்பிரியா வளர ஆரம்பித்தாள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது புதிதாகத் தைத்த சுடிதாரின் கால்கள் கணுக்காலுக்கு மேலே நின்றன. அளவு தப்பாக எடுத்துவிட்டதாக அம்மா வானதி டெய்லரிடம் சண்டைக்குப் போனாள். டெய்லர் மோகனப்பிரியாவை நிற்கவைத்து நாடாவைப் பிடித்தார். சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தார். மறுபடியும் நாடாவைப் பார்த்தார்.

"அளவு சரிதாம்மா. பொண்ணுதான் தப்பு," என்றார்.

ஊர் தென்னவராயநத்தம். மன்னார்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அப்பா ராஜசேகருக்கு அறுப்பு மிஷின் ஓட்டுகிற வேலை. இங்கே அறுவடை முடிந்தால் மிஷினோடு வெளி மாவட்டங்களுக்குப் போய்விடுவார். அவர் ஆறடி. வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் அவர் வீட்டுக்குள் வந்த நாள் குறைவு. பெண்ணும் அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்றார்கள். கையும் காலும் நீண்டுகொண்டே போயின. சதை மட்டும் பின்தங்கிவிட்டது. பஸ்ஸில் நின்றால் பக்கத்தில் நிற்கிறவர்களின் உச்சந்தலைகள் தெரிந்தன. கூன் போட்டு நிற்கப் பழகிக்கொண்டாள்.

கால் நீண்டதில் ஒரு லாபம் இருந்தது. பள்ளி விளையாட்டு விழாவில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று அவளை இழுத்து நிறுத்தினார்கள். முன்னால் ஓடிய பெண்ணுக்குப் பக்கத்தில் போனபோது இன்னும் வேகமாக ஓட முடியும் என்று தெரிந்தது. ஓடினாள். விளையாட்டு ஆசிரியை வள்ளியம்மை மிஸ் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இத்தன நாளா எங்கடி இருந்த?" என்றார். அதற்குப் பிறகு தினம் காலையில் ஆற்றங்கரையில் ஓட்டம். ஓடும்போது அவளுக்குக் கூன் போட மறந்துபோகும்.

ஊரில் அவளைப் பற்றிக் கேட்க ஒரு கேள்விதான் இருந்தது. அதையும் யாரும் முழுசாகக் கேட்பதில்லை. "என்ன வானதி, இன்னும்...?" என்று அம்மாவிடம் நிறுத்துவார்கள். அம்மா "ம்" என்பாள். அவ்வளவுதான். அவர்கள் மோகனப்பிரியாவைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்ப்பார்கள். பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரமாகும்.

முழுசாகக் கேட்கிற ஒரே ஆள் ரெத்தினம் அத்தை. அப்பாவின் அக்கா; அடுத்த வீடு. அத்தையின் கடைசிப் பெண் பூமிகா எட்டாம் வகுப்பு. போன வருஷமே ஆளாகி, மண்டபத்தில் வைத்துச் சடங்கு சுற்றியாயிற்று.

"எனக்கு ஆயாச்சு. ஒனக்கு இன்னும் ஆவல," என்று பூமிகா அவ்வப்போது ஞாபகப்படுத்துவாள், பரீட்சையில் மதிப்பெண் கூட வாங்கியதைப் போல.

"ஆவட்டும் போடி."

"எப்ப?"

அதுதான் மோகனப்பிரியாவுக்கும் தெரியவில்லை.

ஒருநாள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அத்தை அம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது.

"பதினாறு பொறக்கப்போவுது வானதி. எதுக்கும் ஒரு கோயிலாப் பாத்து வேண்டிக்க. இருசி கிருசின்னு ஆயிடப்போவுது."

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க அண்ணி."

கடைசிவரை வயதுக்கு வராமலே நின்றுவிடுகிற பெண்ணுக்கு அந்தப் பேர். மோகனப்பிரியாவுக்கு அது தெரியும். கீழத்தெருவில் ஒருத்தியை அப்படிச் சொல்வார்கள். கல்யாணம் காட்சிகளில் அவளைப் பந்தியில் மட்டும்தான் பார்க்கலாம். மோகனப்பிரியா அன்று வரை அவளைப் பற்றி எதுவும் நினைத்ததில்லை.

பக்கத்து பெஞ்சு ஜன்னத்திடம் மட்டும் சொன்னாள். ஜன்னத் தன் அண்ணனின் போனில் தேடிக் கொடுத்தாள். போன் வரிசையாக வியாதிகளைச் சொன்னது. ஒன்றில் காது கீழிறங்கி, கழுத்து அகலமாக இருக்கும் என்றிருந்தது. மோகனப்பிரியா வீட்டுக்கு வந்து கண்ணாடியில் காதைப் பார்த்தாள். சரியாக இருப்பதாகத்தான் பட்டது. இன்னொன்றில், சிலர் கர்ப்பப்பையே இல்லாமல் பிறப்பார்கள் என்றிருந்தது. அதைப் பார்க்கக் கண்ணாடி இல்லை.

தை மாதம் அறுவடை முடிந்து அப்பா மிஷினோடு கிளம்பிப் போனதும் அத்தைக்கு அதிகாரம் வந்தது. எள்ளுருண்டை வந்தது. கஷாயம் வந்தது. கடைசியில் காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஓடி ஓடித்தான் எல்லாம் வத்திப்போச்சு. ஓட்டத்த நிறுத்து, தானா வரும்."

ஷூவைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள். அம்மா தடுக்கவில்லை. அம்மாவுக்கே பயமாக இருக்கிறது என்று மோகனப்பிரியாவுக்கு அப்போது தெரிந்தது.

"பேசாம சொல்லிடுடி," என்றாள் ஜன்னத்.

"என்னன்னு?"

"ஆயிட்டேன்னு."

"ஆவலையேடி."

"யாரு வந்து பாக்கப்போறா? நான் எங்க உம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னேன். பேரீச்சம்பழம் குடுத்தாங்க. முடிஞ்சுது."

"எங்க வீட்ல அதோட முடியாது."

"முடியாட்டி என்ன, பலகாரம் வரும்ல? எனக்கும் கொண்டா."

ஆளான பெண்ணை அம்மா முதலில் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அத்தைதான் பார்க்க வேண்டும், அத்தைதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வழக்கம் இல்லாவிட்டால் இந்தப் பொய் வாசற்படி தாண்டியிருக்காது. அம்மாவிடம் மோகனப்பிரியாவால் ஒரு வாக்கியம்கூடச் சேர்ந்தாற்போல் பொய் சொல்ல முடியாது. மாசி மாதம் ஒரு சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தவள் நேராக அத்தை வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றாள்.

"அத்த, வயித்த வலிக்குது."

"கண்டத வாங்கித் தின்னியா?"

"அந்த வலி இல்ல அத்த."

அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"துணி எங்கடி?"

"ஸ்கூல்லயே மிஷின்ல போட்டு எரிச்சிட்டேன்."

பள்ளியில் நாப்கின் எரிக்கிற மிஷின் ஒன்று இருந்தது. அத்தைக்கு அதில் வருத்தம்தான். கண்ணால் ஒருமுறை பார்த்திருக்கலாம். ஆனால் வருத்தம் நீடிக்கவில்லை. தெருவுக்கு வந்து ஒரு குலவை போட்டாள். கட்டிக்கிடந்த மாடு எழுந்து நின்றது. அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, பார்க்கக் கூடாது என்பது ஞாபகம் வந்து, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கதவிடுக்கில் அம்மாவின் புடவை மட்டும் தெரிந்தது. அது குலுங்கியது. அம்மா அழுகிறாள் என்று தெரிந்தபோது மோகனப்பிரியாவுக்கு உண்மையாகவே வயிறு வலித்தது.

தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்று வெட்டிவந்து குச்சு கட்ட வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை பெண் அதற்குள் இருக்க வேண்டும். தாய்மாமன் அன்பரசன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தார். அம்மாவின் தம்பி. வைகாசியில்தான் லீவு. அவருக்குப் பதிலாக அவருடைய சிநேகிதன் பகலவன் கீற்றைக் கொண்டுவந்தார். வீட்டு வாசலில் சிமெண்டுத் தரை போட்ட ஷெட்டில் கம்பு நடக் குழி தோண்ட முடியவில்லை. பெயிண்ட் டப்பாக்களில் மணலைக் கொட்டிக் கம்பை நிறுத்தினார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் போனைச் சாய்த்துவைத்து வீடியோ கால் போட்டார்கள். போனுக்குள் மாமா ஹெல்மெட்டோடு இருந்தார்.

"வடக்கால ஓட்ட தெரியுது பாரு பகலவா."

"அது காத்துக்குடா."

"எம் பொண்ணுக்கு ஒழுகுனா ஒன்ன விடமாட்டேன்."

"மாசி மாசத்துல, ஷெட்டுக்குள்ள, மேல சீட்டு போட்டிருக்கு. எங்கேருந்துடா ஒழுவும்?"

"வேல முடிஞ்சுதுன்னா ஒரு போட்டோ அனுப்பு."

குச்சுக்குள் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர், வேப்பிலை, துருப்பிடித்த அரிவாள். காலை விடிந்ததும் அத்தை வருவாள். ஒரு கையில் பச்சை முட்டை, ஒரு கையில் நல்லெண்ணெய்.

"வாயத் தொற."

"அவிச்சிக் குடுங்களேன் அத்த."

"அவிச்சா அது கொழம்புக்கு. இது இடுப்புக்கு. தொற."

மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். பொய் சொன்னதற்கு இது சரிதான் என்று நினைத்துக்கொள்வாள். பிறகு உளுந்தங்களி, அதன் நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய், கருப்பட்டி. பதினொரு மணிக்கு எதிர்வீட்டிலிருந்து புட்டு. மத்தியானம் யாராவது கறி கொண்டுவருவார்கள். ஊரில் எல்லோருக்கும் அவளிடம் கொடுக்க ஏதோ ஒன்று இருந்தது. கேட்க மட்டும் ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

நோட்ஸ் கொடுக்க ஜன்னத் வந்தாள். தொடக்கூடாது என்று தள்ளி உட்காரவைத்தார்கள்.

"எப்படிடி இருக்கு உள்ள?"

"ஹாஸ்டல் மாதிரி இருக்கு. சாப்பாடு மட்டும் நல்லா இருக்கு."

"அதிரசம்?"

மோகனப்பிரியா பொட்டலத்தை வாசற்பக்கம் தள்ளினாள்.

தண்ணீர் ஊற்றி முடிந்த மறுநாள் பரணிலிருந்து ஷூவை எடுத்தாள்.

"எங்க போற?" என்றாள் அத்தை.

"ஓட. ஆவாத வரைக்கும்தானே ஓடக்கூடாதுன்னீங்க?"

"ஆன பொண்ணு கரையில ஓடுவாளாடி? நாலு பேரு பாக்க?"

"அப்ப எப்பத்தான் அத்த ஓடுறது?"

அத்தை யோசித்தாள். தம்பிக்குப் போன் போட்டாள். அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கம் எங்கோ வயலில் இருந்தார். பின்னால் மிஷின் சத்தம்.

"ஓடட்டும்க்கா."

"என்னடா சொல்ற?"

"நானும் ஓட்டுறேன், அவளும் ஓடுறா. விடு."

ஓடினாள். வள்ளியம்மை மிஸ் பங்குனியில் மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுத்தார். மூன்றாவதாக வந்தாள். ஊரில் சந்தோஷம். பொய் ஊருடைய வாயை அடைத்துவிட்டது. ஆனால் அவள் மண்டைக்குள் இருந்த கேள்வி அப்படியே இருந்தது. முன்பு எல்லோரும் சேர்ந்து கவலைப்பட்டார்கள். இப்போது அவள் ஒருத்திதான் கவலைப்பட வேண்டியிருந்தது. மாதம் பிறந்தால் அம்மா கடையிலிருந்து நாப்கின் பாக்கெட் வாங்கிவருவாள். மோகனப்பிரியா அதை வாங்கி அலமாரியில் அடுக்குவாள். அடுக்கு உயர்ந்துகொண்டே போனது.

சித்திரையில் ஒரு மத்தியானம் அம்மா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். உயரம் காரணமாக அம்மா நாற்காலியிலும் மகள் தரையிலும். மாமா லீவில் வரும் வைகாசியில் சடங்கு சுற்ற மண்டபம் சொல்லியாயிற்று, பத்திரிகை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இருசியா இருந்தா கல்யாணம் ஆவாதா?"

சீப்பு நின்றது.

"யாரப் பத்திக் கேக்குற?"

"சும்மா."

அம்மா சீப்பை மடியில் வைத்தாள். "நீ குச்சுல இருந்தப்பவே எனக்குத் தெரியும்," என்றாள்.

மோகனப்பிரியா திரும்பவில்லை.

"மூணாம் நாளு நாப்கின் பாக்கெட்டப் பாத்தேன். பிரிக்கவே இல்ல."

"அப்ப ஏம்மா கேக்கல?"

"ஒங்க அத்த வாய மூட எனக்கும் வேற வழி தெரியல," என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். மோகனப்பிரியா அழுதாள். அம்மா பின்னாலிருந்து அவள் தலையைத் தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டாள். "ஊருக்குச் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். நாம டாக்டருட்ட போவோம்."

அத்தையிடம் ஜாக்கெட் துணி எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுத் தஞ்சாவூர் பஸ் ஏறினார்கள்.

ஸ்கேன் எடுக்கச் சிறுநீர் முட்ட வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். மோகனப்பிரியா தண்ணீர் குடித்தாள். கூப்பிடவில்லை. இன்னும் குடித்தாள். காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயத்தைவிட அந்த அவசரம் பெரிதாக இருந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று. மேசையில் படுக்கவைத்து வயிற்றில் சில்லென்று எதையோ தடவினார்கள். டாக்டரம்மா திரையைப் பார்த்தபடி கருவியை நகர்த்தினார்.

"எல்லாம் இருக்கா டாக்டர்?" என்றாள் மோகனப்பிரியா.

"எதெல்லாம்?"

"எல்லாம்."

டாக்டரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பி விரலால் காட்டினார். "இது கர்ப்பப்பை. இது ஒரு சினைப்பை. இந்தா, இது இன்னொண்ணு. எல்லாம் இருக்கு."

கறுப்பு வெள்ளையில் மழைக்கால வயல் மாதிரி இருந்தது. மோகனப்பிரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"மத்த வளர்ச்சியெல்லாம் வந்திருக்கு. ரத்தப் பரிசோதனையும் சரியா இருக்கு. பதினஞ்சு தாண்டுனா ஒரு தடவை வந்து பாத்துக்கறது நல்லது, நீங்க வந்தது சரி. இனி இது தானா வரும். ஆனா நீ ரொம்ப ஒல்லி. ஓடுறேங்கற. ஓடுற அளவுக்குச் சாப்பிடணும்." அவள் கொண்டுவந்திருந்த பள்ளி மருத்துவ அட்டையைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துல போட்ட எடைக்கு இப்ப நல்லாவே ஏறியிருக்கே. என்ன சாப்பிட்ட?"

"முட்டை. களி."

"நல்லது. நிறுத்தாத."

"பச்ச முட்டை டாக்டர்."

"அய்ய. அவிச்சிச் சாப்பிடு."

மோகனப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். இதை அத்தையிடம் சொல்ல முடியாதே என்று இருந்தது.

"அம்மாவுக்கு எப்பங்க ஆச்சு?" என்றார் டாக்டரம்மா.

அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். "கொஞ்சம் லேட்டுதான் டாக்டர்."

"கொஞ்சம்னா?"

"ப்ளஸ் டூ பரீச்ச எழுதி முடிச்சு... அந்த லீவுல."

மோகனப்பிரியா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அம்மா!"

"கத்தாத. இதையெல்லாம் சொல்லிக்கிட்டா திரிவாங்க?"

"அம்மா மாதிரியேதான் பொண்ணும்," என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா எழுதினார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா அவ கொஞ்சம் நிம்மதியா இருந்திருப்பா."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. நீடாமங்கலம் தாண்டியதும் அம்மா, "எங்கம்மா யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க," என்றாள். "யார்ட்டயும்னா பெத்த பொண்ணுட்டயும் சேத்துன்னு நெனச்சிட்டேன்."

மோகனப்பிரியா அம்மாவின் தோளில் சாய்ந்துகொள்ளப் பார்த்தாள். உயரம் ஒத்துவரவில்லை. அம்மாவைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"பங்ஷன் என்னம்மா பண்றது?"

"நடக்கட்டும். ஒங்க மாமன் டிக்கெட் போட்டுட்டான்."

"பொய்யில்லையா?"

"வரப்போவுதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. கொஞ்சம் முன்னாடியே கொண்டாடுறோம்னு வச்சிக்க."

வைகாசியில் பஸ் நிறுத்தத்தில் பிளெக்ஸ் நின்றது. நடுவில் மோகனப்பிரியா, சுற்றிலும் மாமாக்களும் சித்தப்பாக்களும். போட்டோகிராபர் அவளை வெள்ளையாக்கியிருந்தார், கொஞ்சம் குட்டையாகவும் ஆக்கியிருந்தார். மேடையில் மாமா மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கை எட்டவில்லை.

"கொஞ்சம் குனிடா தங்கம்."

மோகனப்பிரியா குனியப்போனாள். வீடியோக்காரர் கத்தினார். "பொண்ணு குனியாதீங்க, முகம் தெரியல. மாமா ஏறி நில்லுங்க!"

சமையற்கட்டிலிருந்து ஒரு முக்காலி வந்தது. மாமா ஏறி நின்று மாலை போட்டார். மண்டபமே கைதட்டியது. பகலவன் விசிலடித்தார். மாமா முக்காலியிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மோகனப்பிரியா நிமிர்ந்து நின்று சபையைப் பார்த்தாள். மூன்றாம் வரிசையில் ஜன்னத் வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்மணி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள், அழுகிறாள் என்று நினைத்து.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை கெமிஸ்ட்ரி பிராக்டிகல். மோகனப்பிரியா பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டு ஜன்னத்தின் கையைப் பிடித்தாள்.

"பாக்கெட் இருக்காடி?"

"எதுக்கு?" என்ற ஜன்னத் அவள் முகத்தைப் பார்த்தாள். "நெஜமாவா?"

"நெஜமா."

"சத்தியமா?"

"எடுடி மொதல்ல."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. கெமிஸ்ட்ரி மிஸ் இருவரையும் வெளியே அனுப்பினார். அது வசதியாகவும் போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ரோட்டில் காயப்போட்டிருந்த குறுவை நெல்லைக் காலால் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். மோகனப்பிரியா பக்கத்தில் போய்ச் சொன்னாள். அம்மா நின்றாள். இரண்டு கைகளாலும் அவள் முகத்தைப் பிடித்தாள். கையில் இருந்த நெல்தூசு கன்னத்தில் ஒட்டியது.

"வலிக்குதா?"

"லேசா."

"படுத்துக்க."

"நாளைக்கு ஓடலாமா?"

"முடிஞ்சா ஓடு. எனக்கென்ன தெரியும், ஒன் காலுதானே."

யாரும் குலவை போடவில்லை. ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அம்மா நெல்லைக் குவிக்காமலே உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

வாசம் பிடித்து ரெத்தினம் அத்தை வந்தாள்.

"என்ன வானதி, பாயசமா? என்ன விசேஷம் இன்னிக்கி?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. பால் மீந்துபோச்சு."

அத்தை ஒரு டம்ளர் குடித்தாள். அடியில் கிடந்ததை விரலால் எடுத்துப் பார்த்தாள்.

"பால் மீந்ததுக்கா இத்தன முந்திரி?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மோகனப்பிரியா அத்தையின் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள்.

"இன்னொரு டம்ளர் குடிங்க அத்த," என்றாள்.